500 அடி உயரத்தில் ஆவுளியா எண்ணுவது

சிறு விமானத்தில் 500 அடி உயரத்தில் பறந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பது கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரத்தில் கண் எரியும், வயிறு புரட்டும். வட ஆஸ்திரேலியாவில் ஆவுளியாக்களை, அதாவது பத்திரிகைகள் கடல் பசு என்று எழுதும் விலங்கை, பல பத்தாண்டுகளாக இப்படித்தான் எண்ணுகிறார்கள். நானும் சில பருவங்கள் அந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.

விமானத்தின் ஒவ்வொரு பக்கமும் இருவர். முன்னிருக்கைக்காரர் சொல்வது பின்னிருக்கைக்காரர் காதில் விழக்கூடாது. ஒருவர் தவறவிட்டதை மற்றவர் எத்தனை முறை பிடித்தார் என்று பார்த்தால்தான் இருவருமே தவறவிட்டதைக் கணிக்க முடியும். மூச்சுவிட ஓரிரு நொடி மட்டும் மேலே வரும் விலங்கு இது. அதனால் கலங்கிய நீருக்கடியில் கிடப்பவற்றுக்குத் தனியாக ஒரு திருத்தம் போடுவோம். ஆக, நாங்கள் தருவது மதிப்பீடுதான்.

இப்போது அந்த இருக்கைகளில் பழங்குடிக் கடல் ரேஞ்சர்களும், அதாவது தங்கள் கடற்பகுதியைக் கண்காணித்துப் பராமரிக்கும் உள்ளூர்க்காரர்களும், அமர்கிறார்கள். ஒருமுறை தரையிறங்கிய பிறகு ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டோம். நான் "ஒன்று" என்று சொன்ன இடத்தில் பின்னிருக்கை ரேஞ்சர் "தாயும் கன்றும்" என்றிருந்தார். ஒரே கடல், ஒரே நொடி!

கார்பென்டாரியா வளைகுடாவில் யான்யுவா மக்களின் ரேஞ்சர் குழுவுக்கு லி-அந்தவிரியாரா என்று பெயர். கடலிலிருந்து வந்தவர்கள் என்று பொருள். கன்றோடு திரியும் தாய்க்கும் கிழ ஆணுக்கும் அவர்கள் மொழியில் தனித்தனிச் சொற்கள் உண்டு. எங்கள் படிவத்தில் கூட்டத்தில் எத்தனை, கன்று எத்தனை என்று இரண்டே கட்டங்கள்.

ஆஸ்திரேலியாவுக்கும் பப்புவா நியூ கினிக்கும் இடையிலுள்ள டோரஸ் நீரிணையில் விஷயம் இன்னும் நுட்பமானது. உலகிலேயே அதிக ஆவுளியாக்கள் அங்கேதான். தீவு மக்கள் தம் உணவுக்காக வேட்டையாடும் உரிமையை ஆஸ்திரேலியாவின் 1993-ஆம் ஆண்டுப் பூர்விக உரிமைச் சட்டம் காக்கிறது. வேட்டை அளவுக்கு மீறிவிட்டதாக 2004-இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. பின்னால் வந்த கணிப்புகள் அந்தக் கவலையைத் தளர்த்தின. ஆவுளியா மேயும் கடற்புல் படுகை அழிந்தால் அது வேறு படுகை தேடிப் போய்விடும். எண்ணிக்கை சரிந்தது என்றாலே செத்துவிட்டது என்றாகாது. ஆனால் அந்தச் சரிவைக் காட்டித் தங்கள் ஈட்டியைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயம் கரையில் இருப்பவர்களுக்கு இருக்கும். அது நியாயமான பயம் என்பதுதான் என் எண்ணம்.

கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டின் வடகோடியிலுள்ள ரெயின் தீவில் பச்சை ஆமைகளை எண்ணும் முறை வேறு. தீவின் பாரம்பரிய உரிமையாளர்களான உத்தாத்தி, மெரியம் மக்களும் ஆமைப் பாதுகாப்புப் பணியில் பங்காளிகள். முட்டையிட வரும் ஆமைகளின் ஓட்டில் நச்சில்லாத வெள்ளைப் பெயின்டால் கோடு போடுவார்கள். பிறகு கோடுள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று கடலில் எண்ணிக் கணக்கிடுவார்கள். படகிலிருந்து எண்ணியதோடு டிரோன் படங்களை ஒப்பிட்டபோது, பழைய மதிப்பீடுகளை 1.73 மடங்காக உயர்த்த வேண்டும் என்று தெரிந்தது. 2019 டிசம்பரில் தீவைச் சுற்றி ஏறக்குறைய 64,000 ஆமைகள் இருந்ததாகக் கணக்கு.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களிடம் நான் சொல்வது: விமானப் பாதையை வரைவதற்கு முன்பே வரைபடத்தை ஊர்க்கூடத்தில் விரித்து வையுங்கள். ரேஞ்சருக்குச் சம்பளத்தோடு அறிக்கையில் பெயரும் போகட்டும். முடிவு முதலில் ஊருக்குப் போகட்டும். நான் இருந்த ஒரு குழு ஒருமுறை பத்திரிகைக்கு முதலில் கொடுத்துவிட்டது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அடுத்த பருவம் போய் நின்றபோது, "படகு வேலையாய் இருக்கிறது" என்றார்கள். படகு கரையில்தான் கட்டிக் கிடந்தது.