கம்பிக் கூண்டு எதைத் தடுக்கிறது?

சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளுக்குக் கம்பிக் கூண்டு செய்து கொடுக்கும் பட்டறைக்காரர்களிடம் எந்தக் கம்பி நல்லது என்று கேட்டால், தடித்த கம்பி என்றுதான் சொல்வார்கள். வளைவில் லோரி திரும்பும்போது குலைகள் சரிந்து மோதினாலும் வளையாமல் நிற்க வேண்டும் என்பதே அவர்களின் கணக்கு. உக்ரேன் போரில் டிரோன்களைத் தடுக்க டாங்கிகளின் தலைக்கு மேல் முளைத்திருக்கும் கூண்டுகளும் பார்வைக்கு அதே பட்டறை வேலைதான். ஆயினும் அங்கே கம்பியின் தடிமன் பெரிதாக எதையும் தீர்மானிப்பதில்லை. கம்பிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளியும், கூண்டுக்கும் டாங்கியின் கூரைக்கும் உள்ள தூரமுமே முக்கியமானவை.

வண்டியில் இரும்பை ஒட்டிக்கொண்டு ஓட்டுவது நம் ஊருக்குப் புதிதன்று. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் அருகிலுள்ள தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, மலாயாத் தோட்டத் துரைமார் பலர் தங்கள் கார்களில் எஃகுத் தகடுகளைப் பொருத்திக்கொண்டார்கள். அவர்கள் அஞ்சியது துப்பாக்கித் தோட்டாவுக்கு. தோட்டாவைத் தகட்டின் தடிமன் நிறுத்திவிடும். டிரோன் சுமந்து வரும் குண்டு அப்படிப்பட்டதன்று.

டாங்கிகளைத் தேடி வரும் சிறிய டிரோன்களில் பல, தோளில் வைத்துச் சுடும் ஆர்பிஜி-7 ஏவுகருவியின் குண்டையோ அதே தத்துவத்தில் அமைந்த குண்டையோ கட்டிக்கொண்டு வருகின்றன. அந்தக் குண்டின் உள்ளே வெடிமருந்தின் முன்பக்கம் கூம்பு வடிவில் குழிவாக்கப்பட்டு, அக்குழிவில் செம்பு போன்ற உலோகத்தால் ஆன மெல்லிய தகடு பதிக்கப்பட்டிருக்கும். குழிந்த வெடிமருந்து தன் ஆற்றலை ஒரே திசையில் குவிக்கும் என்பதை அமெரிக்க வேதியியலாளர் சார்லஸ் மன்றோ 1888-இல் கவனித்தார். மருந்து பின்பக்கத்திலிருந்து வெடிக்கும்போது கூம்புத் தகடு நாற்புறமும் நசுங்கி, நடுவில் ஒன்றுசேர்ந்து, நீண்ட உலோகத் தாரையாகப் பீறிடுகிறது. அதன் நுனி வினாடிக்கு 7 முதல் 10 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அந்த வேகத்தில் நம் ஊரிலிருந்து ஈப்போவை மூன்று நான்கு வினாடிகளில் அடைந்துவிடலாம். அது எஃகை உருக்கித் துளைக்கிறது என்று பலரும் சொல்வது பிழை. அங்கே வெப்பத்தைவிட அழுத்தமே வேலை செய்கிறது. அவ்வளவு அழுத்தத்தில் திட எஃகும் சேறுபோல் விலகி வழிவிடுகிறது. 85 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட பிஜி-7வி குண்டு ஏறத்தாழ 260 மில்லிமீட்டர் எஃகைத் துளைக்கக்கூடியது. டாங்கியின் நெற்றிக் கவசம் இதைத் தாங்கும். சில சென்டிமீட்டர் கனமே உள்ள கூரை தாங்காது.

அப்படியானால் குண்டைத் தள்ளி வெடிக்கவைத்தால் போதும் என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாரை முழுதாக நீண்டு உருப்பெறுவதற்குக் கொஞ்சம் இடம் தேவைப்படுவதால், கூம்பின் குறுக்களவைப்போல் சில மடங்கு தொலைவில் வெடிக்கும்போதுதான் அது மிக ஆழமாகத் துளைக்கிறது. அதற்கும் அப்பால் வெடித்தால் தாரை இழுபட்டு, துண்டுகளாக அறுந்து, நேர்க்கோட்டிலிருந்து விலகி வலுவிழக்கிறது. ஆகவே கூரைக்கு மேல் அரை மீட்டரில் நிற்கும் கூண்டு, தாக்குபவனுக்கே உதவிவிடவும் கூடும். இன்னும் உயர்த்திக் கட்டினால் தாரை பலவீனப்படும் என்பது உண்மை; ஆனால் மெல்லிய கூரையைத் துளைக்கப் பலவீனமான தாரையே போதுமானதாக இருந்துவிடுகிறது.

கூண்டின் உண்மையான பயன் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, குண்டின் மூக்கு. ஆர்பிஜி குண்டின் நுனியில் உள்ள படிகம் மோதி நசுங்கும்போது மின்சாரம் பிறந்து, குண்டின் வெளிக்கூடு, உட்கூம்பு ஆகியவற்றின் வழியே பின்னாலுள்ள வெடிப்பானை அடைகிறது. நுனி எதிலும் படாமல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, கம்பிகள் கூட்டின் பக்கங்களை நசுக்கிவிட்டால், மின்சாரம் குறுக்குவழியில் ஓடி வீணாகும், குண்டு வெடிக்காது. நுனி நேராகக் கம்பியிலேயே பட்டால் வெடித்துவிடும். எனவே இந்தக் கம்பிக் கவசம் என்பது பாதி பொறியியல், பாதி அதிர்ஷ்டம்.

இரண்டாவது, டிரோனின் சுழலிகள். சில கிலோ எடையுள்ள அந்தப் பொறிக்கு அவற்றைவிட மெலிந்த உறுப்பு இல்லை. தோட்டங்களில் மருந்து தெளிக்கும் டிரோன்களை மட்டை நுனியில் படாமல் இயக்குபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுழலி வலையில் சிக்கினால் பறத்தல் அத்துடன் நின்றுவிடும். போர்முனைச் சாலைகளின் மேல் கிலோமீட்டர் கணக்கில் வலைப் பந்தல் போடுவது இதனால்தான். பிரான்ஸின் பிரித்தானிக் கரையோரத்து மீனவர்களின் பழைய வலைகள்கூட இதற்காக உக்ரேனுக்குப் போயிருக்கின்றன.

1945-இல் பெர்லினில் சோவியத் டாங்கிகளும், வியட்நாமில் அமெரிக்க வாகனங்களும் கம்பி வலையை நம்பியதுண்டு. 2021-இன் இறுதியில் ரஷ்ய டாங்கிகள் கூரைக் கூண்டுடன் தென்பட்டபோது உலகம் நகைத்தது. மேலிருந்து பாயும் ஜாவலின் ஏவுகணையின் இரட்டைக் குண்டுக்கு எதிராக அந்த நகைப்பு நியாயமானதே. ஆனால் 2023 அக்டோபரில் இஸ்ரேலின் மெர்காவா டாங்கிகளும் கூண்டு கட்டிக்கொண்ட பிறகு சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். 2024 ஏப்ரலில் டோனெட்ஸ்க் பகுதியில், தகரக் கொட்டகையே நகர்ந்து வருவதுபோல் முழுதும் மூடிய ‘ஆமை டாங்கி’ தோன்றியது. அதன் பீரங்கிக் கோபுரம் திரும்பாது, உள்ளிருப்பவர்களுக்கு வெளியே தெரிவது குறைவு, தீப்பிடித்தால் வெளியேறுவதும் கடினம். ஒரு டிரோன் தகட்டைக் கிழித்துவிட்டால் அடுத்தது அந்த ஓட்டை வழியாகவே நுழைய முயலும்.

டிரோனை இயக்கும் வானொலி அலையைக் குழப்பும் கருவிகளும் கூண்டோடு சேர்த்துப் பொருத்தப்படுகின்றன. ஆனால் கட்டளைகளைக் கடத்தும் கண்ணாடி இழை நூலைப் பின்னால் அவிழ்த்துக்கொண்டே பறக்கும் டிரோன்கள் வந்தபின், அவற்றிடம் குழப்புவதற்கு அலையே இல்லை. அதனால் மீண்டும் கம்பிக்கே மவுசு. இப்போது பழைய எஃகு வடங்களைத் துண்டாக்கி, புரி பிரித்து, நுனிகளை விரித்துக் கூண்டின் மேல் முள்ளம்பன்றிபோல் ஒட்டுகிறார்கள். வளையும் அந்த முட்கள் எந்தக் குண்டையும் தாங்காது. டிரோனைக் கூரையிலிருந்து எட்டவே நிறுத்திச் சுழலியைப் பிடித்து இழுப்பது மட்டுமே அவற்றின் வேலை. நாலைந்து முள் ஒடிந்துபோனால், மறுநாள் பட்டறையில் இன்னொரு துண்டு வடத்தைப் பிரித்து ஒட்டிவிடுகிறார்கள்.