சத்தமே போடாத வயலின்

மகள் ஆறாம் வகுப்பில் ஆர்க்கெஸ்ட்ராவைத் தேர்ந்தெடுத்தாள். அமெரிக்க நடுநிலைப் பள்ளிகள் பலவற்றில் கணக்கு, வரலாறு போல அதுவும் கால அட்டவணையில் உள்ள ஒரு பாடம். கருவியைத் தொட்டே பார்த்திராத முப்பது பிள்ளைகள் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பேஸ் என்று ஆளுக்கொன்றை வைத்துக்கொண்டு ஒரே அறையில், ஒரே நாளில் தொடங்குவார்கள். நாங்கள் மாத வாடகைக்கு ஒரு வயலின் எடுத்து வந்தோம். பெட்டியைத் திறந்து, தோளில் வைத்து, வில்லை இழுத்தாள். காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். சத்தமே வரவில்லை. "அப்பா, உடைஞ்சதைக் குடுத்துட்டாங்க" என்றாள்.

உடையவில்லை. புது வில்லில் ரோசின் தடவியிருக்கவில்லை, அவ்வளவுதான். வில்லில் கட்டியிருப்பது குதிரை வால் மயிர், நூற்றைம்பதுக்கும் மேல். வெறும் மயிர் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பைன் மரப் பிசினிலிருந்து டர்பன்டைனை வடித்தெடுத்த பின் எஞ்சும் கண்ணாடி போன்ற கட்டிதான் ரோசின். அதை மயிரில் நன்றாகத் தேய்த்த பிறகுதான் வயலின் வாயைத் திறக்கும். எங்கள் வீட்டில் திறந்தது. அதன்பின் மூன்று மாதம் மூடவில்லை.

துலக்கிய எவர்சில்வர் தட்டில் ஈர விரலை அழுத்தி இழுத்தால் 'கீச்' என்கிறதே, அதே கதைதான் இங்கேயும். அசையாமல் ஒட்டியிருக்கும்போது பிடிப்பு அதிகம். நகர ஆரம்பித்துவிட்டால் பிடிப்பு குறைவு. பள்ளிப் புத்தகத்தில் நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று படித்தது இதைத்தான். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை ரோசின் பெரிதாக்குகிறது. வில் தந்தியைப் பிடித்துத் தன்னோடு இழுத்துப் போகிறது. ஒரு கட்டத்தில் தந்தி நழுவிப் பின்னால் ஓடுகிறது. வில் மறுபடி பிடிக்கிறது. வயலினின் 'ஏ' தந்தியில் இந்தப் பிடியும் நழுவலும் நொடிக்கு 440 முறை நடக்கின்றன.

எப்போது நழுவுவது என்பதைத் தந்தியே முடிவு செய்கிறது என்பதுதான் அழகு. வில் பட்ட தந்தி கண்ணுக்கு ஒரு மெல்லிய இலை போல விரிந்து தெரியும். உண்மையில் எந்தக் கணத்திலும் அது இரண்டு நேர்க்கோடுகளாக, நடுவில் ஒரு கூர் முனையோடு மடங்கித்தான் இருக்கிறது. அந்த முனை தந்தியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஓடித் திரும்புகிறது. வில்லைத் தாண்டிக் குதிரையை (தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத் துண்டுக்கு அதுதான் பெயர்) நோக்கிப் போகும்போது தந்தியை உதறி விடுவிக்கிறது. குதிரையில் மோதித் திரும்பி வில்லைக் கடக்கும்போது மறுபடி ஒட்ட வைக்கிறது. தந்தி நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொலைவில், அதாவது குதிரையிலிருந்து ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் தள்ளி வில் வைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு நேரமே நழுவல். மீதி நேரமெல்லாம் தந்தி வில்லின் பிடியில். 1860களில் ஜெர்மானியர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ், அதிரும் நுண்ணோக்கி ஒன்றை வைத்து இதைக் கண்டுபிடித்தார். இன்றும் இதற்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் இயக்கம் என்றே பெயர்.

இதன் கணக்கை விரிவாகப் போட்டவர் நம் ஊர்க்காரர். திருச்சியில் பிறந்த சி.வி.ராமன், ஒளிச்சிதறலுக்கு முன்பு கல்கத்தாவில் வயலினோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வில்பட்ட தந்திகள் பற்றிய அவருடைய நூல் 1918இல் வந்தது. 1920இல் வயலின் வாசிக்கும் எந்திரம் ஒன்றையும் அமைத்தார். அதில் வில் ஓரிடத்தில் நிற்கும், வயலின்தான் முன்னும் பின்னும் ஓடும். வில்லைக் குதிரைக்கு அருகே கொண்டுபோகப் போக, நாதம் கெடாமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் விறுவிறுவென்று ஏறுவதை அதில் அளந்தார்.

குறைந்தபட்சம் ஒன்று இருந்தால் அதிகபட்சமும் இருக்க வேண்டுமே. பெல் ஆய்வகப் பொறியாளரும் செல்லோ வாசிப்பவருமான ஜான் ஷெல்லெங் 1973இல் இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் காட்டினார். அழுத்தம் போதாவிட்டால், கூர் முனை வந்து சேரும் முன்பே தந்தி இடையில் ஒருமுறை நழுவிவிடும். காற்றுப் போன மாதிரி மெலிந்த ஒலி வரும். அழுத்தம் மிஞ்சினால், முனை வந்து உதறியும் தந்தி விடுபடாது. ஒழுங்கு குலைந்து 'கர்ர்ர்' என்னும். நல்ல நாதம் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதியில்தான். குதிரைக்கு அருகே போனால் அந்தப் பகுதி குறுகிச் சந்து போல ஆகிவிடும். இடக்கை விரல்கள் தந்தியை அழுத்தும் விரல் பலகைப் பக்கம் போனால் அகலம், ஆனால் ஒலிக்குத் தெம்பிருக்காது. வில்லின் வேகம் மாறினால் எல்லைகளும் மாறும்.

வகுப்பில் ஆசிரியர் ஓயாமல் சொல்கிறவற்றை இப்போது கேட்டுப் பாருங்கள். "வில் நேராகப் போகட்டும்." தோளை மட்டும் அசைத்தால் கை வட்டத்தில்தான் போகும்; வில் கோணி, குதிரைக்கும் விரல் பலகைக்கும் நடுவே அலையும், அலையும் இடத்துக்கேற்ப எல்லைகளும் அலையும். "அழுத்தாதே, கையின் எடையை விடு." விரலால் அழுத்துகிற பிள்ளை மேல் எல்லையைத் தாண்டும், பயந்து தூக்குகிற பிள்ளை கீழ் எல்லையை. "முழு வில்லையும் பயன்படுத்து." குட்டிக் குட்டியாக இழுத்தால் வேகம் போதாமல், அதே அழுத்தமே மிகையாகிவிடும். ஆசிரியர் இயற்பியல் படித்தாரோ இல்லையோ, ஷெல்லெங்கின் வரைபடத்தைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்னொரு சிக்கல், ஒவ்வொரு சுரத்தின் தொடக்கம். வில் பட்டவுடனே கூர் முனை ஒழுங்காக ஓட ஆரம்பித்துவிடுவதில்லை. நார்வேயின் கனூட் கெட்லரும் ஸ்வீடனின் ஆண்டர்ஸ் அஸ்கென்ஃபெல்டும் 1997இல் தந்திக் கருவி வாசிப்பவர்களையே கேட்க வைத்துச் சோதித்தார்கள். தொடக்கக் கரகரப்பு ஏறத்தாழ 50 மில்லிநொடிக்குள் அடங்கினால் காது மன்னித்துவிடுகிறது. கரகரப்புக்குப் பதில் அந்த மெலிந்த நழுவல் ஒலியானால் 90 மில்லிநொடி வரை பொறுக்கிறது. நம் பிள்ளைகள் முதல் மாதத்தில் அதை அரை நொடிக்கு நீட்டுவார்கள்.

இடக்கையின் கதை வேறு. கிடாரில் போல விரலுக்கு இடம் காட்டும் குறுக்குக் கம்பிகள் (மெட்டுகள்) வயலினில் கிடையாது. விரல் விழும் இடம்தான் சுரம். அதனால் ஆசிரியர்கள் விரல் பலகையில் வண்ண நாடா ஒட்டுகிறார்கள். முழு அளவு வயலினில் தந்தியின் அதிரும் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். முதல் நாடா மேல் நுனியிலிருந்து 3.6 சென்டிமீட்டரில் வரும், இரண்டாவது அதிலிருந்து 3.2 தள்ளி, மூன்றாவது ஒன்றரைதான் தள்ளி. அங்கே இரண்டாம் விரலும் மூன்றாம் விரலும் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் விரல் இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் சுருதி அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்கு விலகும். 'டி' தந்தியில் பக்கத்து மேசைப் பிள்ளை சரியாகவும் நம் பிள்ளை அப்படிப் பிசகியும் வாசித்தால், நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்று மேல் 'வாவ்... வாவ்...' என்று விம்மல் கேட்கும்.

நாடாவைவிட நம்பகமான ஆசான் வயலினுக்குள்ளேயே இருக்கிறது. 'டி' தந்தியில் மூன்றாம் விரலை வைத்தால் வருவது 'ஜி', 392 ஹெர்ட்ஸ். பக்கத்தில் சும்மா கிடக்கும் 'ஜி' தந்தியின் அதிர்வெண் 196, சரியாகப் பாதி. விரல் இடத்தில் விழுந்தால் அந்தத் தந்தி ஒத்ததிர்ந்து தானும் நடுங்கும். ஒலி சட்டென்று மலரும். உற்றுப் பார்த்தால் நடுக்கம் கண்ணுக்கே தெரியும். மகள் முதலில் அதைக் கண்ட நாளில் நாடாவைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

எல்லோரும் 'டி மேஜர்' சுர வரிசையில் தொடங்குவது ஏன் என்பதற்கும் காரணம் கருவியிலேயே உண்டு. வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ; வியோலாவும் செல்லோவும் சி, ஜி, டி, ஏ; டபுள் பேஸ் ஈ, ஏ, டி, ஜி. நான்கிலும் டி, ஏ இரண்டும் உண்டு. வயலினும் வியோலாவும் அந்த இரண்டு தந்திகளில் ஒரே விரலமைப்பில் எட்டுச் சுரத்தையும் வாசித்துவிடலாம். பாவம், டபுள் பேஸ் பிள்ளைக்குத் தந்தி ஒரு மீட்டருக்கும் மேல். முதல் முழுச்சுரத்துக்கே பதினொன்றரை சென்டிமீட்டர் போக வேண்டும். கடைசி இரு சுரங்களுக்குக் கையையே கீழே நகர்த்தியாக வேண்டும். கவனித்தால் இந்த டி மேஜர் நம் சங்கராபரணம்தான், கமகம் இல்லாமல். கர்நாடக சங்கீதம் கற்கும் பிள்ளைகள் மாயாமாளவகௌளையில் தொடங்குகிறார்கள், இவர்கள் இங்கே.

முப்பது பேர் சேர்ந்தால் முப்பது மடங்கு கொடுமையாக இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பத்து வயலின்கள் ஒன்றைவிடப் 10 டெசிபெல்தான் அதிகம்; காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு. சின்னச் சின்னச் சுருதிப் பிசகுகளின் விம்மல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கலங்கி, ஒருவித மென்மையாகக் கேட்கும். வகுப்புக்கு இது வரமும் சாபமும். கூட்டத்தில் ஒளிந்துகொண்டு வருடத்தை ஓட்டிவிடலாம். வீட்டில் தனியாக வாசிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும்.

டிசம்பர் கச்சேரியில் ஒன்று மட்டும் ஒளியவில்லை. எல்லோரும் 'ஏ' தந்தியிலிருந்து 'ஈ' தந்திக்குத் தாண்டிய இடத்தில் இரண்டு மூன்று வயலின்கள் விசில் அடித்தன. எஃகு 'ஈ' தந்தி சில நேரம் பக்கவாட்டில் அதிராமல் தன் அச்சிலேயே முறுக்கி முறுக்கி அதிரும். அதன் ஒலி 5,000 ஹெர்ட்ஸுக்கு அருகே. தேர்ந்த கலைஞர்களுக்கும் இது நேர்வதுண்டு. மேலே மெல்லிய உலோக இழை சுற்றிய 'ஈ' தந்தி மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். திரும்பி வரும்போது காரில் மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். விசிலடித்ததில் ஒன்று அவளுடையது.