‘எடுத்துட்டேனே சார்’

போன வாரம் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு போன். ஒரு நடுத்தர அலுவலகத்தின் ஐடி பொறுப்பாளர். அவர்களுடைய உள் விக்கியை, அதாவது அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து எழுதித் திருத்தும் இணையக் குறிப்பேட்டை, 3 வருடம் முன்பு நிறுவிக் கொடுத்தது நான்தான்.

“சார், சின்ன விஷயம். புதுசா சேர்ந்த பையன் பேக்கப் எடுக்கிற முறையை எழுதும்போது டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் அப்படியே விக்கிப் பக்கத்தில் போட்டுட்டான். நான் பார்த்த உடனே எடுத்துட்டேன். சும்மா உங்க காதுல போட்டு வைக்கலாம்னு…”

“பாஸ்வேர்டை மாத்தினீங்களா?”

“அதான் எடுத்துட்டேனே சார்.”

உள்ளே போய்ப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். முதல் வரியிலேயே அவருடைய பெயர், நேரம், கூடவே அவரே பொறுப்பாக எழுதிய மாற்றக் குறிப்பு: ‘பாஸ்வேர்ட் நீக்கப்பட்டது’. ஒரு சொடுக்கு. இரண்டு பதிப்பும் அருகருகே வந்து நின்றன. எடுத்த வரியை விக்கியே நிறம் தீட்டிக் காட்டியது. பாஸ்வேர்ட் அங்கேயே இருந்தது. திருட வருகிறவனுக்கு எந்தப் பதிப்பைத் திறக்க வேண்டும் என்று விலாசமும் எழுதி வைத்தாயிற்று.

இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது போன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

விக்கியில் தொகுப்பது அழிப்பது ஆகாது. இதை எத்தனை பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்புறம் வேர்டு கோப்பில் ஒரு வரியை எடுத்துச் சேமிப்பதுபோல் விக்கியிலும் எடுத்துவிட்டு, நிம்மதியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். பழைய மண்டிக்கடைப் பேரேட்டில் தவறான பதிவை யாரும் சுரண்ட மாட்டார்கள். கீழே ஓர் எதிர்ப்பதிவு போடுவார்கள். தவறும் நிற்கும், திருத்தமும் நிற்கும். விக்கி அந்தச் சாதி. விக்கிப்பீடியாவை ஓட்டும் மென்பொருளான மீடியாவிக்கியில் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தின் முழு உரையும் புதுப் பதிப்பாக உள்ளே போகிறது. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் சரி. பழையது அசையாமல் அப்படியே இருக்கும், அதற்கென்று ஓர் எண்ணும் உண்டு. அந்த எண்ணை முகவரியில் போட்டால் வந்து நிற்கும்.

“சரி, அப்படின்னா பக்கத்தையே நீக்கிடறேன்” என்பார்கள் அடுத்தபடியாக. நீக்குங்கள். மீடியாவிக்கி என்ன செய்யும் தெரியுமா? பதிப்புகளின் விவரத்தை நடப்புப் பட்டியலிலிருந்து தூக்கி, ஆர்க்கைவ் என்ற இன்னொரு அட்டவணையில் வைக்கும். உரை இருந்த இடத்திலேயே இருக்கும். அட்மின் நினைத்தால் ஒரு நிமிடத்தில் மீட்டுவிடலாம், மீட்காமலே படிக்கவும் செய்யலாம். உங்கள் அலுவலகத்தில் எத்தனை பேருக்கு அட்மின் உரிமை இருக்கிறது? போன வாரம் நான் பார்த்த இடத்தில் 11 பேர். அதில் 2 பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள்.

கோப்புகளும் இப்படித்தான். ஒரு தொண்டு நிறுவனத்தில் பயனாளி ஒருவரின் ஆதார் நகலைத் தவறுதலாக ஏற்றிவிட்டு, அதே பெயரில் ஒரு வெற்றுப் படத்தை மேலே ஏற்றினார்கள். பழைய படம் போய்விட்டது என்று நினைப்பு. பழைய கோப்பு, தேதியும் நேரமும் முன்னொட்டாகச் சேர்ந்து, படங்கள் இருக்கும் கோப்புறைக்குள்ளேயே ஒரு துணைக் கோப்புறையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அதே கோப்பின் பக்கத்தில், ‘கோப்பு வரலாறு’ என்ற தலைப்பில், சின்னதாக அதன் முன்தோற்றமும் தெரிந்தது. கண் கூர்மையானவர்களுக்கு எண்ணைப் படிக்க அதுவே போதும்.

விக்கிப்பீடியாவே இந்தப் பாடத்தைத் தட்டுத்தடுமாறித்தான் கற்றது. யாரோ ஒருவருடைய வீட்டு விலாசத்தையோ போன் நம்பரையோ ஒருவன் கட்டுரைக்குள் போட்டுவிடுவான். வழக்கமான நீக்கத்துக்குப் பிறகும் அது அத்தனை நிர்வாகிகளின் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் 2006ல் நிர்வாகிகளுக்கும் மறைக்கும் ஒரு தனி அதிகாரத்தைக் கொண்டுவந்தார்கள். மிகச் சிலருக்குத்தான் அது கிடைக்கும். இன்றைய மீடியாவிக்கியில் ஒரு பதிப்பின் உரை, மாற்றக் குறிப்பு, தொகுத்தவர் பெயர் ஆகிய மூன்றையும் தனித்தனியே மறைக்கலாம். இதற்கு மேல் அட்மின்களுக்கும் மறைக்கும் ஒரு நிலை உண்டு. நல்ல வடிவமைப்பு. ஆனால் புதிதாக நிறுவிய விக்கியில் இந்த உரிமை அட்மினுக்குத் தானாக வராது, தனியே கொடுக்க வேண்டும். தேவைப்படும் ராத்திரியில்தான் இது எல்லோருக்கும் தெரியவரும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பாஸ்வேர்ட் வெளியே வந்துவிட்டதா? முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு வரலாற்றை மறையுங்கள். பிறகு எனக்கு போன் பண்ணுங்கள். வரிசை முக்கியம். விக்கி மறைத்தாலும் நேற்றைய பேக்கப்பில் அது இருக்கும். அந்தப் பக்கத்தைக் கவனிப்புப் பட்டியலில் வைத்திருந்தவர்களின் மின்னஞ்சலிலும் இருக்கலாம். டோக்குவிக்கி என்ற இன்னொரு விக்கி மென்பொருள் அனுப்பும் அறிவிப்பு மடலில் என்ன மாறியது என்பதே வரி வரியாகப் போகும். நீங்கள் ‘எடுத்த’ வரி, எடுத்தாகிவிட்டது என்ற செய்தியோடு சேர்த்து, அத்தனை பேருக்கும் போய்ச் சேரும். கிட் (Git) என்ற பதிப்புக் கண்காணிப்பு மென்பொருளை அடியாகக் கொண்ட, கோலம் (Gollum) போன்ற விக்கியாக இருந்தால் இன்னும் மோசம். அதில் ஒரு பழைய பதிப்பைத் தொட்டால் அதற்குப் பிறகு வந்த எல்லாப் பதிப்புகளின் அடையாளமும் மாறும். நீங்கள் இங்கே சுத்தம் செய்தாலும் நகல் எடுத்து வைத்திருப்பவரின் கணினியில் பழையது இருந்துகொண்டே இருக்கும்.

இன்னொரு குழப்பம் பூட்டு. பக்கத்துக்குக் ‘காப்பு’ போட்டால் யாரும் பார்க்க முடியாது என்று நம்புகிற மேலாளர்களை நான் வருடா வருடம் சந்திக்கிறேன். காப்பு, தொகுப்பதைத்தான் தடுக்கும். படிப்பதைத் தடுக்காது. பூட்டிய பக்கத்தில் தொகுக்கும் பொத்தான் இருந்த இடத்தில் மூலத்தைப் பார்க்கும் பொத்தான் வந்து நிற்கும், அவ்வளவுதான்.

“அப்போ படிக்கவே விடாம பண்ணிக் குடுங்க சார்.” முழு விக்கியையும் உள்நுழைந்தவர்களுக்கு மட்டும் என்று வைப்பது சுலபம். ஒரே விக்கிக்குள் சம்பளப் பக்கத்தை 4 பேருக்கு மட்டும் என்று வைப்பதுதான் தலைவலி. மீடியாவிக்கியை உருவாக்குகிறவர்களே தங்கள் கையேட்டில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள்: பக்கவாரியாகப் படிப்பதைத் தடுக்க இந்த மென்பொருள் வடிவமைக்கப்படவில்லை. அது எல்லோரும் படிக்கிற கலைக்களஞ்சியத்துக்காக எழுதப்பட்டது. இதற்கென்று நீட்சிகள் (கூடுதல் வசதி தரும் துணை நிரல்கள்) இருக்கின்றன, போடலாம். போட்ட பிறகு என்ன ஆகிறது என்று ஒரு பள்ளி நிர்வாகத்தின் விக்கியில் பார்த்தேன். ஊதியப் பக்கத்தைத் திறந்தால் ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று கம்பீரமாக வந்தது. தேடல் பெட்டியில் ‘ஊதிய உயர்வு’ என்று அடித்தேன். முடிவுகளில் முதல் வரியே ஒரு ஆசிரியரின் பெயர், பக்கத்தில் தொகை. வேறொரு காலிப் பக்கத்தைத் திறந்து, வார்ப்புருவை (பல பக்கங்களுக்குள் இழுத்துப் போடும் பொதுத் துண்டை) அழைப்பதுபோல இரட்டை அடைப்புக்குள் அந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டு முன்தோற்றம் பார்த்தேன். முழுப் பக்கமும் வந்துவிட்டது. முன் கதவில் திண்டுக்கல் பூட்டு, கொல்லைப்பக்கம் தட்டி.

ஏன் இப்படி என்றால், அனுமதிச் சோதனையைப் பக்கத்தைக் காட்டுகிற இடத்தில் வைக்கிறார்கள். உரை வெளியே போவதற்கு வழிகள் பல: பழைய பதிப்பு, வேறுபாடு, தேடல், ஏற்றுமதி, ஓடை (புது மாற்றங்களைத் தானாகத் தரும் ஃபீட்), மின்னஞ்சல், ஏபிஐ (வேறு மென்பொருள்கள் தகவல் கேட்டு வாங்கும் வழி), வேறொரு பக்கத்துக்குள் அழைப்பது. “நாமே ஒரு விக்கி எழுதிக்கலாமே” என்று கிளம்பும் இளைய சகாக்களுக்கு இதுதான் நான் சொல்வது. ஒரு பதிப்பின் உரையை எடுத்துத் தரும் செயற்கூறு ஒன்றே ஒன்று இருக்கட்டும். யார் கேட்கிறார் என்று சொல்லாமல் அது வாயைத் திறக்கக் கூடாது. தேடலும் மின்னஞ்சலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும்.

டோக்குவிக்கியில் அனுமதிப் பட்டியல் மென்பொருளுக்குள்ளேயே கட்டப்பட்டது. பக்கவாரித் தடை வேண்டுமென்றால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் அதன் அனுமதி, பக்கம் இருக்கும் பாதையைப் பொறுத்தது. பக்கத்தை வேறு பெயர்வெளிக்கு (பக்கங்களைப் பிரித்து வைக்கும் கோப்புறை போன்றது) நகர்த்தினால் புது இடத்தின் அனுமதிதான் அதற்கும். மோயின்மோயின் என்ற இன்னொரு விக்கி மென்பொருள் வேறு மாதிரி யோசித்தது: அனுமதி வரியைப் பக்கத்தின் தலையிலேயே எழுதலாம். அனுமதியை யார் எப்போது மாற்றினார் என்பதும் வரலாற்றில் ஏறிவிடும் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம். பிடிக்காததும் அதுவே. அட்மின் போன வருடப் பதிப்புக்கு மீட்டால் போன வருட அனுமதியும் சத்தமில்லாமல் கூடவே வந்துவிடும்.

மீடியாவிக்கியில் கையை வைக்கிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு, தொழில்காரர்கள் மட்டும் படித்தால் போதும். அங்கே குழு உரிமைகள் கூட்டல் கணக்கு. ஒருவர் இருக்கும் எல்லாக் குழுக்களின் உரிமையும் சேர்ந்துதான் அவருடைய உரிமை. நட்சத்திரக் குறியிட்ட ‘அனைவரும்’ குழுவுக்குத் தொகுக்கும் உரிமையை விட்டுவைத்துவிட்டு, ‘பயனர்’ குழுவுக்கு மட்டும் இல்லை என்று எழுதினால் ஒன்றும் நடக்காது. நட்சத்திரத்தில் முதலில் அணையுங்கள், பிறகு வேண்டியவர்களுக்கு ஏற்றுங்கள். இந்த ஒரு வரிக்காக நான் 2 நாள் தூங்கவில்லை. அது 12 வருடத்துக்கு முந்தைய கதை.

இவ்வளவும் படித்துவிட்டு, “அப்போ வரலாறே வேண்டாம், அணைச்சுடுங்க” என்று ஒருவர் சொன்னார். கோபம் வந்தது. வார்ட் கன்னிங்காம் 1995 மார்ச்சில் முதல் விக்கியைத் திறந்துவைத்ததிலிருந்து இதன் துணிச்சலே யார் வேண்டுமானாலும் தொகுக்கலாம் என்பதுதான். கெடுத்ததை ஒரு நொடியில் பழையபடி ஆக்க முடிந்தால்தான் அந்தத் துணிச்சல் செல்லும். 2001ல் விக்கிப்பீடியா தொடங்கியபோது ஓடிய யூஸ்மாட்விக்கி என்ற மென்பொருள், பழைய பதிப்புகளைச் சில காலம் கழித்துத் தானே கழித்துவிடும். அதனால் முதல் மாதங்களின் தொகுப்புகள் போனதாகவே இருந்தன. 2010 டிசம்பரில் மீடியாவிக்கி நிரலாளர் டிம் ஸ்டார்லிங் ஒரு பழைய பேக்கப்பிலிருந்து அவற்றைக் கண்டெடுத்தார். அவர்களுக்கு அதிர்ஷ்டம். விக்கிப்பீடியாவில் வரலாறு வெறும் பாதுகாப்பு மட்டுமில்லை. யார் எழுதினார் என்பதற்கு உரிமப்படி அதுதான் சான்று. ஒரு கட்டுரையை வெட்டி வேறு தலைப்பில் ஒட்டினால் எழுதியவர்களின் பெயர் பழைய தலைப்பிலேயே தங்கிவிடும். நகர்த்தும் பொத்தானைப் பயன்படுத்துங்கள் என்று தமிழ் விக்கிப்பீடியாவிலும் புதியவர்களுக்குச் சொல்வது அதனால்தான்.

வரலாற்றுக்கு மதிப்பு வேண்டுமென்றால் அதில் இருக்கும் பெயர்கள் உண்மையாக இருக்க வேண்டும். ‘அட்மின்’ என்று ஒரு கணக்கு, ஒரு பாஸ்வேர்ட், அதை 8 பேர் பகிர்ந்துகொள்கிறார்கள், பாஸ்வேர்ட் மானிட்டரில் மஞ்சள் சீட்டாக ஒட்டியிருக்கிறது. ஒரு பக்கம் காணாமல் போனால் யார் நீக்கியது? ‘அட்மின்’. நன்றி. ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழிக்காதீர்கள், தடை செய்யுங்கள். அவர் எழுதியது அவர் பெயரிலேயே நிற்கட்டும். அட்மின் உரிமை 2 பேருக்குப் போதும். மூன்றாவது நபர் வேண்டுமென்றால் ஏன் என்று கேளுங்கள். பாஸ்வேர்டுக்கென்று தனி மென்பொருள்கள் இருக்கின்றன, இலவசமாகவே கிடைக்கின்றன. விக்கியில் ‘பாஸ்வேர்ட் இன்ன பெட்டகத்தில் இன்ன பெயரில்’ என்று மட்டும் எழுதுங்கள். சம்பளமா? அதற்குத் தனி விக்கி நிறுவுங்கள், அரை நாள் வேலை.

நாளைக்கு அலுவலகம் போனதும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். உள்நுழையாமல், மறைநிலைச் சாளரத்தில் உங்கள் விக்கியைத் திறங்கள். ரகசியம் என்று நீங்கள் நினைக்கும் பக்கத்தின் பழைய பதிப்பு முகவரி ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஏற்றிய பிடிஎஃப் ஒன்றின் நேரடி முகவரியை ஒட்டிப் பாருங்கள். பக்கத்துக்குப் போட்ட தடை கோப்புக்குச் செல்லாத விக்கிகளே அதிகம், ஏனென்றால் கோப்பைத் தருவது விக்கி அல்ல, வெப்சர்வர். பிறகு அனுமதி இல்லாத ஒரு சாதாரணக் கணக்கில் உள்நுழைந்து, தேடல் பெட்டியில் ‘பாஸ்வேர்ட்’ என்று அடியுங்கள். தமிழில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. அண்மைய மாற்றங்களில் ‘நீக்கப்பட்டது’ என்று குறிப்பு எழுதிய தொகுப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஏதாவது கண்ணில் பட்டால், விக்கியை அப்படியே விட்டுவிட்டு, முதலில் அந்தப் பாஸ்வேர்டை மாற்றப் போங்கள்.