யானைவெடிக்கு உடல் ஏன் பதுங்குகிறது?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வேளாண்மை விளைகிற காலத்தில், யானையை விரட்டக் கொளுத்தும் யானைவெடி இரவெல்லாம் கேட்கும். காவலுக்கு இருப்பவர்களுக்கு அது யானை இறங்கிய சேதி. முன்பு புலிகள் இயக்கத்தில் இருந்த ஒருவர் அந்நேரம் வரம்பில் நடந்துகொண்டிருந்தால், மறுகணம் வயல் சேற்றில் குப்புறக் கிடப்பார். யானைவெடிதான் என்று அவருக்கும் தெரியும். தெரிவதற்குள் உடல் முந்திவிடுகிறது.

திடீர்ச் சத்தம் காதிலிருந்து மூளைத்தண்டுக்குப் போய், நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் தசைகளை இழுத்துவிடும். அது என்ன சத்தம் என்று மூளை ஆராய்வது அதன் பிறகுதான். இந்தத் திடுக்கிடல் எல்லோருக்கும் உண்டு. அதைக் கூட்டிவிடுவது, மூளையில் அச்சத்தைக் கவனிக்கும் அமிக்டலா என்னும் பகுதி. ஆண்டுக்கணக்கில் ஷெல்லடிக்குள் வாழ்ந்தவரிடம் அது கூட்டிய நிலையிலேயே நின்றுவிடுகிறது. போர்முனையில் அவர் உயிரைக் காத்ததும் இதுவே. இதைப் பார்த்துச் சிரிக்கிறவர்களை என்ன சொல்வது!

நினைவிலும் கோளாறு நேர்கிறது. நடந்ததோடு இடத்தையும் காலத்தையும் சேர்த்துக் கட்டுவது மூளையின் இன்னொரு பகுதியான ஹிப்போகாம்பஸின் வேலை. பேரச்சத்தில் அந்தக் கட்டு தளர்ந்துவிடுகிறது என்பது ஆய்வாளர்கள் பலர் ஏற்கும் விளக்கம். அதனால் 2007 ஜனவரியோடு முடிந்த மட்டக்களப்பின் வடக்கிலுள்ள வாகரைச் சண்டை, இன்று நடப்பதாகவே கண்முன் வந்து நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல்தான் இந்த மனவடுவை (PTSD) தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது; வியட்நாமிலிருந்து திரும்பிய படையினரின் அவதி அதற்கு ஒரு முக்கிய காரணம்.

வெடி கேட்டும் ஒன்றும் நேரவில்லை என்ற அனுபவம் திரும்பத் திரும்பக் கிடைத்தால், மூளையின் முன்பகுதி அமிக்டலாவை அடக்கப் பழகும். பழைய பாடம் அழியாது, அதன்மேல் புதியது ஏறும். ஆனால் மனிதர் ஒதுங்கத்தான் பார்க்கிறார். காவலுக்குப் போவதை நிறுத்துவார், பிறகு கோயில் திருவிழாவை, பிறகு வேலையை. ஒதுங்க ஒதுங்க அந்தப் பழக்கத்துக்கு வழியே இல்லாமல் போகிறது. தூக்கத்துக்காகக் கசிப்பை, அதாவது கள்ளச்சாராயத்தைக் குடித்தால் முன்னிரவு கழியும். அது அமுக்கிவைத்த கனவெல்லாம் பின்னிரவில் திரண்டு வரும். மறுநாள் எரிச்சல் பெண்சாதி பிள்ளைகள்மேல் இறங்கும்.

மனவடு யாரிடம் நிலைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பட்ட அடியின் கடுமையைவிடப் பின்னால் ஆதரவு கிடைக்காமல் போனதே வலுவான காரணமாகத் தெரிந்தது. மட்டக்களப்பில் இதற்கொரு தனிச் சிக்கல் உண்டு. புலிகளிலிருந்து பிரிந்த தளபதி கருணாவின் அணி 2004 ஏப்ரலில் கலைந்தபோது பலர் வீடு திரும்பினார்கள். போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு, புலிகளோடு நின்ற மற்றவர்கள் அரசின் புனர்வாழ்வு முடித்து வந்தார்கள். ஒரே ஊரில் இரு தரப்பும் இருக்க, யாரிடம் எதைச் சொல்வது? விசாரணைக்குக் கூப்பிடுவார்களோ என்ற பயம் வேறு. அதை நோயின் கணக்கில் எழுதிவிட முடியாது.

நல்ல பலன் தரும் சிகிச்சைகளில் ஒன்று, வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொல்லவைப்பது. எந்த இடம், எந்த மாதம், கூட யார், அடுத்து என்ன என்று கேட்டுக் கேட்டு, அறுந்த நினைவுக்கு இடமும் காலமும் திரும்பக் கட்டப்படும். சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் பிள்ளைகளிடம் இந்தச் சிகிச்சை பயன் தந்தது. முன்னாள் போராளி வாய்விட்டுச் சொல்ல அஞ்சுவதோ சரியாக இதே விபரங்களைத்தான்: எந்த இடம், எந்த மாதம், கூட யார்.