அரிசி மூட்டை இருந்தது, கழுவத் தண்ணீர் இல்லை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையைக் கடந்துபோன சில நாட்களில், அறுபது வயதுப் பெண்மணி ஒருவரை அவருடைய மகன் கைத்தாங்கலாக என்னிடம் அழைத்து வந்தார். வேளச்சேரிப் பக்கம் முதல் மாடியில் வீடு. வெள்ளம் வீட்டுக்குள் வரவில்லை. ஆனாலும் இரண்டாம் நாள் காலை அவர் சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டு இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்தியிருக்கிறார். பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சமயத்தில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததால் பிழைத்தார்.

"வீட்டில் சாப்பிட ஒன்றுமே இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"ஒரு சிப்பம் அரிசி இருக்கிறது மேடம். பருப்பு, உளுந்து எல்லாம் இருக்கிறது. கழுவத்தான் தண்ணீர் இல்லை" என்றார்.

உணவியல் ஆலோசகராக எத்தனையோ பேருக்கு உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அன்று வரை யாரிடமும் மழைக்கால இருப்பைப் பற்றிக் கேட்டதில்லை. இப்போது புரட்டாசி பிறந்தால் எல்லோரிடமும் கேட்கிறேன்.

நம் வீட்டு மளிகையில் பெரும்பகுதி தண்ணீரையும் நெருப்பையும் நம்பியிருக்கிறது. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது, மேல்தொட்டி ஒரே நாளில் காலியாகிவிடும். ஆர்.ஓ. இயந்திரம் நின்றுவிடும். சம்ப்பில் சாக்கடை கலந்துவிடும். இண்டக்ஷன் அடுப்பும் மிக்ஸியும் இருந்தும் இல்லாத கதைதான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2023 டிசம்பர் நடுவில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் பல ஊர்களுக்கு உதவி வந்து சேரவே நாட்கள் பிடித்தன. ஆகவே நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அடுப்பே மூட்டாமல் மூன்று நாள் உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட முடியுமா?

முடியும், அதுவும் நமக்குப் பழகிய பண்டங்களைக் கொண்டே. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் அவல், 100 கிராம் பொட்டுக்கடலை, 50 கிராம் வறுத்த நிலக்கடலை, 50 கிராம் வெல்லம் என்று வையுங்கள். ஏறக்குறைய 1,400 கலோரி கிடைக்கும். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெரியவர் ஒருவர் மூன்று நாள் தாக்குப்பிடிக்கப் போதும். அவலுக்குக் குளிர்ந்த நீரே போதும். மெல்லிய அவல் சில நிமிடங்களில் ஊறிவிடும். நான்கு பேருக்கு, மூன்று நாளைக்கு எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவுக்கும் குறைவு. மூடி இறுகும் ஒரு டின்னில் அடங்கிவிடும். கூடவே ரஸ்க், பேரீச்சம்பழம், பெட்டிப்பால் கொஞ்சம். குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் இரண்டு.

இதைத் தனியாகத் திட்டமிட்டு வாங்கக்கூட வேண்டாம். சரஸ்வதி பூஜைக்குப் பொரி, பொட்டுக்கடலை, வெல்லம் வாங்கத்தான் போகிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதை ஒட்டித்தான். அப்போதே கூடுதலாக ஒரு பங்கு வாங்கி எடுத்து வையுங்கள். கார்த்திகை தீபத்துக்கு அவல்பொரியை வெல்லப்பாகில் உருட்டும் வழக்கம் புயல் மாதத்தில் வருவது தற்செயலோ என்னவோ, எனக்கு அதில் மிகுந்த மரியாதை உண்டு. செலவாகாமல் மிஞ்சும் வெல்லம் தைப்பொங்கலுக்கு ஆகும். இப்படிச் சுற்றிவந்தால் எதுவும் பூச்சி பிடித்து வீணாகாது.

டின்னைச் சமையல் மேடைக்கு அடியில் வைக்காதீர்கள். தரைத்தள வீடானால் பரண்தான் இடம். வெள்ளநீர் தொட்ட அரிசியையும் மாவையும் காயவைத்து உண்பதை விட்டுவிடுங்கள். அந்தத் தண்ணீரில் கழிவுநீரும் கலந்திருக்கிறது.

இப்போது நோயாளிகள். நான் அதிகம் கவலைப்படுவது இவர்களைப் பற்றித்தான். சர்க்கரை மாத்திரைகளில் சில, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இரத்தச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே போகும். சாப்பாடு குறைந்தால் எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று மழைக்கு முன்பே மருத்துவரிடம் எழுதி வாங்கி, டின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள். இவர்களுக்கு வெல்லத்தைக் குறைத்துக் கடலை வகைகளைக் கூட்டலாம். ஆனால் நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு மேலே சொன்ன பட்டியல் பொருந்தாது. பேரீச்சை, நிலக்கடலை, ஊறுகாய், அப்பளம் எல்லாம் அவருக்கு ஆபத்து. டயாலிசிஸ் தள்ளிப்போகும் நாளில் இன்னும் ஆபத்து. அவருடைய பட்டியலையும் தண்ணீர் அளவையும் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலை எக்காரணத்தாலும் நிறுத்த வேண்டாம். "பயத்தில் பால் கெட்டிருக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பவுடர் பால் குடிக்கும் குழந்தையானால் அதற்கென்று கொதிக்கவைத்த நீர் வேண்டும். பிளாஸ்கில் பிடித்து வையுங்கள். புட்டியைச் சுத்தம் செய்ய முடியாத நாட்களில், பால் புகட்டும் சங்கான பாலாடையே நல்லது. மேலே திறந்திருப்பதால் சட்டென்று கழுவ வரும், இடுக்கில் அழுக்குத் தங்காது.

அந்த அம்மா அடுத்த ஐப்பசியில் வந்தபோது தன் டின்னைப் போனில் படமெடுத்துக்கொண்டு வந்திருந்தார். மூடியில் மாத்திரைச் சீட்டு, உள்ளே எல்லாவற்றுக்கும் மேலே ஒரு குளுக்கோஸ் பாக்கெட். பரணில் எந்த மூலையில் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம்.