பஞ்சாயத்தில் முடிந்த கல்யாணம் சட்டத்தில் முடியவில்லை

"இந்தக் காலத்துல கல்யாணத்துக்கு மதிப்பே போச்சு" என்று மண்டபத்துப் பந்தியில் உட்கார்ந்துகொண்டே பேசுகிறோம். குத்தாலம் பக்கத்தில் இருக்கும் திருமணஞ்சேரிக்குப் போய்ப் பாருங்கள். வரன் அமையவில்லையே என்று மாலையும் எலுமிச்சம்பழமுமாக எத்தனை பெற்றோர் வந்து நிற்கிறார்கள்! நிலமும் பம்புசெட்டும் இருந்தும், விவசாயம் பார்க்கிற பையனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்பதுதான் டெல்டாவில் பல வீடுகளின் இன்றைய கவலை. என்னிடம் விவாகரத்துக்கு வருகிறவர்களில் பலரும் முதலில் கேட்பது, "எப்போ மறு கல்யாணம் பண்ணிக்கலாம்?" என்பதைத்தான். கல்யாணத்தின் மேல் இருக்கும் ஆசை குறைந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

குடும்ப வழக்குகள் நடத்தும் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. ஒரு கல்யாணத்தைத் தொடங்க ஆறு மாதம் ஜாதகம் பார்க்கிறோம். அதை முடிப்பதோ ஒரே சாயங்காலத்தில் நடந்துவிடுகிறது.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கோயில் வாசலில் உட்காருவார்கள். போட்ட நகை, கொடுத்த சீர் சாமான் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். 'இனி ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லை' என்று முத்திரைத்தாளில் எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். சிலர் நோட்டரி முத்திரையும் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த தை மாதம் வேறு இடத்தில் கல்யாணம். "அதான் எழுதி வாங்கிட்டோமே, வக்கீலம்மா" என்பார்கள்.

இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி, நீதிமன்றம் தீர்ப்புக் கொடுக்காமல் திருமணம் முறியாது. தங்கள் சமூகத்தில் வழக்காறுப்படி அறுத்துவிடும் முறை இருந்தால் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் அந்த வழக்கம் நெடுங்காலமாக, இடைவிடாமல் இருந்து வருகிறது என்று நீதிமன்றத்தில் நிரூபித்தாக வேண்டும். "எங்க ஊர்ல இப்படித்தான்" என்று வாயால் சொன்னால் போதாது. நோட்டரி முத்திரை விழுந்ததால் அந்தத் தாள் தீர்ப்பாகிவிடாது. ஆக, அடுத்த கல்யாணம் சட்டப்படி செல்லாது. முதல் துணை புகார் கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 82-ஆம் பிரிவின்கீழ் ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு.

இதன் சுமை பெரும்பாலும் இரண்டாவதாக வந்த பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அரசு வேலையில் இருந்த ஒருவர் இறந்தபோது, அவரோடு பல வருடம் குடும்பம் நடத்தி, கடைசிவரை நோய்க்குப் பார்த்தவர் இரண்டாவது மனைவி. குடும்ப ஓய்வூதியமோ, எப்போதோ எழுதி வாங்கிப் பிரிந்த முதல் மனைவிக்குப் போனது. சட்டம் அவரைத்தான் மனைவி என்றது. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல முடிந்த ஒரே ஆறுதல் பிள்ளைகளைப் பற்றியது. செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் முறையான பிள்ளைகளே. கூட்டுக்குடும்பச் சொத்தில் தகப்பனாருக்குச் சேர வேண்டிய பங்கிலும் அவர்களுக்கு உரிமை உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

இடையில் ஒன்று. "எங்களுது சீர்திருத்தக் கல்யாணம், ஐயர் வெச்சு நடக்கலை, அதனால விவாகரத்து தேவையில்லையே" என்றும் கேட்கிறார்கள். 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தத்தால் சுயமரியாதைத் திருமணமும் முழுமையாகச் செல்லும். அதை முறிக்கவும் நீதிமன்றத்துக்குத்தான் வர வேண்டும்.

"கோர்ட்டுக்குப் போனா மானம் போயிடும்" என்ற பயத்தில்தான் பலர் பஞ்சாயத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, இந்த வழக்குகளை மூடிய அறையில் நடத்தச் சொல்கிறது. இருவரும் மனமொத்துப் பிரிவதானால் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுப் போட்டபின் ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. தகுந்த காரணம் இருந்தால் நீதிமன்றம் அந்தக் காத்திருப்பு வேண்டாமென்று விலக்களிக்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரியவர்கள் பேசி முடித்த நகைக் கணக்கு, பிள்ளை யாரிடம் வளர்வது என்ற ஏற்பாடு எல்லாவற்றையும் அந்த மனுவிலேயே எழுதிக்கொள்ளலாம். பஞ்சாயத்தார் பட்ட பாடு வீணாகாது. அந்தத் தாளோடு நிற்காமல் நீதிமன்றப் படியேறுங்கள் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

மறுமணத்துக்கு வரன் பார்க்கிறவர்களே, எழுதி வாங்கிய தாளைக் காட்டினால் நம்பாதீர்கள், தீர்ப்பின் நகலைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், உங்கள் பெண்ணின் வாழ்க்கை அது. கல்யாணம் முடிந்த 90 நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். தவறினால் தாமதக் கட்டணத்தோடு 150 நாள் வரை செய்யலாம். தமிழ்நாட்டில் 2009 முதல் எல்லா மதத்தவருக்கும் இது கட்டாயம். பதிவு என்றதும் மாப்பிள்ளை வீட்டார் நாளைக் கடத்தினால், பழைய திருமணம் சட்டப்படி முடிந்துவிட்டதா என்று உடனே விசாரியுங்கள்.

வக்கீல் கட்டணத்துக்கு வழியில்லை என்று எந்தப் பெண்ணும் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.