பட்டா இல்லாமல் மாடு வளர்ப்பவருக்கு அரசு உதவி: எது கிடைக்கும், எது கிடைக்காது

இரண்டு கறவை மாடு, ஒரு கன்று, வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை. சொந்தமாக ஒரு சென்ட் விளைநிலம் கிடையாது. வரப்பில் புல் அறுத்து, தீவனத்தைக் கடனுக்கு வாங்கி, காலையும் மாலையும் சங்கத்தில் பால் ஊற்றிக் குடும்பம் நடத்துகிறவர்கள் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதில் பெண்களே அதிகம். அவர்களிடம், நிலம் உள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் பணம் வருகிறதா என்று கேட்டால் இல்லை என்பார்கள். ஆதார் இணைக்காததோ மனுவில் பிழையோ இதற்குக் காரணம் அல்ல. விதியே அப்படித்தான் இருக்கிறது.

பி.எம். கிசான் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்டு, 2018 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கணக்கிடப்பட்டது. ஆண்டுக்கு ரூ.6,000, மூன்று தவணையாக, தவணைக்கு ரூ.2,000. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றார்கள். 2019 ஜூனில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர் (கடைநிலை ஊழியர் தவிர), மாதம் ரூ.10,000 அல்லது அதற்கு மேல் ஓய்வூதியம் வாங்குபவர், மருத்துவர், வழக்கறிஞர் போன்றவர்களுக்குக் கிடையாது. மற்றபடி நிலம் பெயரில் இருந்தால் போதும். 20 ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ரூ.6,000, அரை ஏக்கர்காரருக்கும் ரூ.6,000. நிலமில்லாமல் நாலு மாடு வைத்திருப்பவருக்கு ஒன்றுமில்லை. குத்தகைக்குப் பயிர் செய்பவருக்கும் இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 பிப்ரவரி 1 அன்று யார் பெயரில் நிலம் இருந்ததோ அதைத்தான் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு வாரிசு முறையில் வந்த நிலம் மட்டும் விதிவிலக்கு. கணவன், மனைவி, 18 வயது நிரம்பாத பிள்ளைகள் சேர்ந்ததுதான் இத்திட்டத்தில் ஒரு குடும்பம். பட்டா மாமனார் பெயரில் இருக்கிறது, மாட்டை முழுக்கப் பார்த்துக்கொள்வது மருமகள் என்றால், பணம் மாமனார் கணக்குக்குத்தான் போகும். சாணி அள்ளுவதும் பால் கறப்பதும் யார் என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

வேறு துறைகளில் இதே ஆளை வேறு விதமாகப் பார்க்கிறார்கள். வங்கிக் கடன் என்று வந்தால் மாடு வளர்ப்பும் விவசாயத்தோடு சேர்த்தி. வருமான வரிச் சட்டத்திலோ பால் மாட்டு வருமானம் விவசாய வருமானம் ஆகாது. நெல்லுக்கு உள்ள விலக்கு பாலுக்குக் கிடையாது. சின்ன அளவில் மாடு வைத்திருப்பவர் வரி வரம்புக்குள் வருவதே அரிது என்பதால் நேரடி நஷ்டம் இல்லைதான். ஆனால் உதவி கொடுக்கும்போதும் விவசாயி இல்லை, விலக்கு கொடுக்கும்போதும் விவசாயி இல்லை என்று இரண்டு பக்கமும் ஒருவரை வெளியே நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது பால் ஊக்கத்தொகை. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றுவோருக்கு 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு ரூ.3 கூடுதலாகத் தருவதாக அரசு அறிவித்தது. அதற்கு முன் 2022 நவம்பரில் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு ரூ.35, எருமைப்பால் ரூ.44 என்று உயர்த்தப்பட்டிருந்தது. கர்நாடகத்திலும் இதேபோல் லிட்டருக்கு ரூ.5 தருகிறார்கள். இங்கே பட்டா கேட்பதில்லை. சங்கத்தில் உறுப்பினராகிப் பால் ஊற்றினால் போதும். நிலமில்லாதவரை நேராகப் போய்ச் சேரும் உதவி என்று பார்த்தால் இதுதான் முதலில் நிற்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 10 லிட்டர் ஊற்றுகிறவருக்கு ரூ.30. கறவைக் காலம் சுமார் 300 நாள் என்று வைத்தால் ரூ.9,000. பி.எம். கிசானைவிட அதிகம். ஒரு நாளைக்கு 100 லிட்டர் ஊற்றும் பண்ணைக்கு இதுவே ரூ.90,000 ஆகும். அவருக்குத் தீவனச் செலவும் ஆள் கூலியும் அதிகம், ஆகவே கூடுதலாகக் கிடைப்பதை முழுத் தவறு என்று சொல்ல மாட்டேன். உச்சவரம்பு என்று ஒன்று வைத்து, முதல் 20 லிட்டருக்குக் கூடுதல் தொகை என்று பிரித்தால் அதே பணம் தேவைப்படும் இடத்துக்கு இன்னும் அதிகமாகப் போய்ச் சேரும்.

இதைவிடப் பெரிய குறை, மாடு வற்றியிருக்கும் காலம். கன்று ஈனுவதற்கு முன் இரண்டு மாதமாவது கறவையை நிறுத்த வேண்டும். சினை பிடிக்கத் தாமதமானால் வருமானமில்லாத காலம் அரை வருடம்கூட நீளும். அந்த மாதங்களிலும் மாடு தின்னத்தான் செய்யும். பால் வராத நாளில் ஊக்கத்தொகையும் வராது. கையில் காசே இல்லாத நேரம் பார்த்து உதவியும் நின்றுவிடுகிறது. தனியார் பால் பண்ணைக்கு ஊற்றுபவருக்கும், சங்கமே இல்லாத ஊர்க்காரருக்கும் எந்த நாளிலும் இல்லை.

அந்த இடைவெளிக்கு உதவக்கூடியது கிசான் கடன் அட்டை. 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி இதை ஆடு, மாடு, கோழி, மீன் வளர்ப்போருக்கும் விரிவாக்கியது. கால்நடைக்கு ரூ.2 லட்சம் வரை 7% வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 3% தள்ளுபடி போக 4% ஆகும். தீவனம், மருத்துவம், ஆள் கூலி, தண்ணீர், மின்சாரம் ஆகிய நடைமுறைச் செலவுக்குத்தான் இந்தக் கடன். மாடு வாங்குவதற்கு அல்ல. தகுதி விதியில் நிலம் கேட்கவில்லை. கொட்டகை சொந்தமாகவோ வாடகைக்கோ குத்தகைக்கோ இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மகளிர் சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்தும் வாங்கலாம். 2025 ஜனவரி 1 முதல் ரூ.2 லட்சம் வரை பிணை கேட்கக் கூடாது. ஆனாலும் இது கடன்தான். மாடு செத்துப்போனாலும் கட்டியாக வேண்டும் என்பதால் காப்பீடு செய்துகொள்ளுங்கள். 2024-இல் தேசிய கால்நடை இயக்கத்தின் கீழ் பிரீமியத்தில் வளர்ப்பவரின் பங்கு 15% என்று குறைக்கப்பட்டது. இழப்பீடு கேட்கும்போது, மாட்டின் காதில் அடையாள எண்ணோடு போடும் வில்லை இல்லையென்றால் சிக்கல். வில்லை அறுந்து விழுந்தால் உடனே கால்நடை மருந்தகத்தில் சொல்லிப் புதிது போட வையுங்கள்.

கனடாவில் வேறொரு முறை இருக்கிறது. அங்கே அக்ரிஸ்டெபிலிட்டி என்ற திட்டத்தில் ஒரு விவசாயியின் லாபம் அவருடைய முந்தைய ஆண்டுகளின் சராசரியிலிருந்து 30%-க்கு மேல் சரிந்தால்தான் உதவி. மாட்டுப் பண்ணைக்கும் இது பொருந்தும். விழுந்தவரைத் தூக்கிவிடுகிறது, நன்றாக இருப்பவருக்குக் கொட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் ஆண்டாண்டுக்கும் வரவு செலவுக் கணக்கு காட்ட வேண்டும். இங்கே இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

அதற்கு அவசியமும் இல்லை. 2019-இல் தொடங்கிய கோமாரி தடுப்பூசித் திட்டத்தில் மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை போடுகிறார்கள். எந்த மாடு, யாருடையது என்பது அரசின் கணினிப் பதிவில் இருக்கிறது. சங்கத்தில் ஊற்றிய பாலுக்கும் நாள்வாரியாகக் கணக்கு இருக்கிறது. பட்டாவை வைத்து ஆண்டுக்கு ரூ.6,000 தர முடிகிற அரசால், இந்த வில்லையை வைத்தும் தர முடியும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு அல்லது மூன்று மாடு வரை என்று வரம்பு வைத்து, பால் வற்றிய மாதங்களில் அந்தத் தொகையைக் கொடுத்தால், இன்று விதிக்கு வெளியே நிற்கும் பெண்ணுக்கு நேராகப் போய்ச் சேரும். கிராம சபையிலும் சங்கப் பொதுக்குழுவிலும் இதைத் தீர்மானமாகவே கேட்கலாம்.

அதுவரை கையில் இருப்பதை விட்டுவிடாதீர்கள். கடன் அட்டைக்குப் போகும்போது ஆதார், வங்கிப் புத்தகம், புகைப்படம், காது வில்லை எண்கள், சங்கத்தின் பால் அட்டை எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். சிட்டா இல்லை என்று திருப்பி அனுப்பினால், கால்நடைக் கடனுக்கு நிலம் கட்டாயமில்லை என்ற விதியைச் சொல்லி, மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் முறையிடலாம்.